ஏழாவது பாட்டு

சித்திரை மாதம் பண்ருட்டிக்குப் போனால், ஊருக்குள் நுழையும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். சாலையோரமெங்கும் பலாப்பழம் குவிந்து கிடக்கும். அதே சித்திரையில், சதய நட்சத்திரத்தன்று, அப்பர் குருபூசை வரும். அப்பர் என்கிற திருநாவுக்கரசர் பிறந்த திருவாமூர் பண்ருட்டிக்குப் பக்கத்து ஊர். அவர் முதல் பதிகத்தைப் பாடிய திருவதிகைக் கோயில் இன்னும் பக்கம். பண்ருட்டியிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான், கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது.

அந்தக் குருபூசைக்கு ஒருமுறை, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த வயதான ஓதுவார் ஒருவர் கைத்தாளத்தோடு நின்று பாடிக்கொண்டிருந்தார். ஒரு பதிகம் முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று. பதிகம் என்றால் பத்துப் பதினொரு பாட்டுச் சேர்ந்த ஒரு தொகுப்பு. அவர் கையில் புத்தகம் இல்லை, துண்டுச்சீட்டு இல்லை, செல்போனும் இல்லை.

பூசை முடிந்ததும் வாண்டு அவரிடம் போய் நின்றுவிட்டது.

“தாத்தா, உங்களுக்கு எத்தனை பாட்டு மனப்பாடமாத் தெரியும்?”

“எண்ணிப் பார்த்ததில்லையே பாப்பா. ஆரம்பிச்சா வரும்.”

“சம்பந்தர் இந்த ஊரைப் பத்திப் பாடினதுன்னு ஒண்ணு பாடுனீங்களே, அதுல ஏழாவது பாட்டு மட்டும் சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. உதடு மட்டும் வேகமாக அசைந்தது. அரை நிமிடம் போயிருக்கும், பாட்டு வந்தது. எங்கள் வாண்டு விடவில்லை. தொடர்ச்சியாக வந்துவிடக் கூடாதே என்று, சம்பந்தரின் வேறொரு பதிகத்தைச் சொல்லி, அதில் எட்டாவது பாட்டைக் கேட்டாள். இந்த முறை அவர் கண்ணைக்கூட மூடவில்லை, பட்டென்று சொன்னார்.

“சித்தப்பா, ஏழுக்கு யோசிச்சவரு எட்டுக்கு ஏன் யோசிக்கல?”

நல்ல கேள்வி. எனக்கும் அப்போது உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விளையாட்டு. மெய்யெழுத்து வரிசையில் ‘ற்’ என்ற எழுத்துக்கு முந்தைய எழுத்து எது? உடனே சொல்லுங்கள்.

மனசுக்குள் ‘ய ர ல வ ழ ள’ என்று ஓட்டிப் பார்த்தீர்கள்தானே? பதில் ‘ள்’. பதினெட்டு எழுத்தும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவ முடியவில்லை. ரயில் பெட்டிகளைப் போல ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டுதான் வருகிறது. ஓதுவார் தாத்தாவின் உதடு அசைந்தது இதற்காகத்தான். ஏழாவது பாட்டுக்குப் போக அவர் முதல் பாட்டிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் தொட்டுக்கொண்டே வந்தார். எழுத்து வரிசையை நீங்கள் அப்படித்தான் படித்தீர்கள், அவரும் அப்படித்தான் படித்தார். மூளை எந்த வரிசையில் கற்றதோ அந்த வரிசையில்தான் திருப்பித் தரும்.

சரி, இவ்வளவு நீளமான ரயில் ஒரு தலைக்குள் எப்படி நிற்கிறது? அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தேவாரத்தில் இன்று நமக்குக் கிடைப்பவை எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள். அப்பருடையவை மட்டுமே மூவாயிரத்துக்கு மேல். எல்லா ஓதுவாருக்கும் எட்டாயிரமும் பாடமாக இருக்காது என்பது உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான பதிகங்களைப் பார்க்காமல் பாடக்கூடியவர்கள் உண்டு. நமக்கோ கடைக்குப் போனால் அம்மா சொன்ன ஆறு சாமானில் இரண்டு மறந்துபோகிறது!

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-இல் ஒரு கட்டுரை எழுதினார். கேட்ட மாத்திரத்தில் மனிதர்கள் மனசில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய பொருள்கள் ஏழுதான், ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம் என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஏழுகூட அதிகம், நான்குதான் என்கிறார்கள். எனவே அம்மாவின் ஆறு சாமானில் இரண்டு தவறியது உங்கள் குற்றமில்லை. (இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். என்ன நடந்தாலும் நான் பொறுப்பில்லை.)

ஆனால் மில்லர் இன்னொன்றும் சொன்னார். இந்த எண்ணைப் பாருங்கள்: 194719501969. பன்னிரண்டு இலக்கம், ஒருமுறை பார்த்தால் நிற்காது. இப்போது பிரித்துப் பாருங்கள். 1947, இந்தியா விடுதலை பெற்றது. 1950, குடியரசானது. 1969, நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது. பன்னிரண்டு இலக்கம் மூன்று பொருளாகிவிட்டது. இனி நாளைக்குக் கேட்டாலும் சொல்வீர்கள்.

பண்ருட்டிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எந்த உளவியலாளரும் தேவையில்லை. நூறு பலாச்சுளையை உதிரியாகக் கையில் கொடுத்தால் எத்தனை பிடிப்பீர்கள்? நாலைந்து பிடித்தால் அதிகம், மீதி கீழே விழும். ஆனால் அதே நூறு சுளையும் ஒரே பழத்துக்குள் இருந்தால் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்துவிடலாம். மூளை தூக்குவது சுளைகளை இல்லை, பழங்களை.

பாட்டு எப்படிப் பழமாகிறது என்பதுதான் வேடிக்கை.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்று ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். அர்த்தமே இல்லாத ஒலிகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி, தானே மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885-இல் புத்தகமாகப் போட்டார். பொறுமைசாலி! நீங்களும் செய்து பாருங்கள்: டீப், ழோத், ஞைக், மௌண், றூல், ஙெக். ஒரு மணி நேரம் கழித்து எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ணுங்கள். எபிங்ஹாஸுக்கு ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அவரே பைரன் என்ற ஆங்கிலக் கவிஞரின் பாட்டையும் மனப்பாடம் செய்து பார்த்தார். அதே நீளமுள்ள அர்த்தமற்ற ஒலிக்கு ஆன உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பாட்டுக்குத் தேவைப்பட்டது.

பாட்டில் ஒரு சொல் தனியாக நிற்பதில்லை. அர்த்தம் ஒரு பக்கம் இழுக்கிறது, ஓசை இன்னொரு பக்கம் இழுக்கிறது. நம் தமிழ்ப் பாட்டில் எதுகை, மோனை என்று படித்திருப்பீர்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வருமே, அதுதான். பலா, நிலா, உலா: இரண்டாம் எழுத்து ஒத்து வருகிறது, எதுகை. பண்ருட்டி, பலா: முதல் எழுத்து ஒத்து வருகிறது, மோனை. ஓர் அடி எந்த எழுத்தோடு தொடங்கியதோ அது அடுத்த அடியின் தொடக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். லட்சம் சொல்லில் தேட வேண்டியதில்லை, ‘லா’ வருகிற நாலு சொல்லில் தேடினால் போதும். இது அழகுக்காகச் செய்த அலங்காரம் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். என்னைக் கேட்டால், எழுதி வைக்க வசதியில்லாத காலத்தில் மறதிக்குப் போட்ட முட்டுக்கட்டை என்பேன்.

அதற்கு மேல் பண். பண் என்பது நம் பழைய ராகம். அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் கொல்லி என்ற பண்ணில் அமைந்தது. இன்றைய கச்சேரிப் பெயரில் அதை நவரோசு என்பார்கள். பண்ருட்டி என்ற ஊர்ப்பெயரிலேயே ‘பண்’ ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் ஊர்க்காரர்கள் உண்டு. ஊர்ப்பெயர் ஆராய்பவர்கள் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ, கேட்க நன்றாக இருக்கிறது.

தேவாரம் முழுவதற்கும் வருகிற பண்கள் இருபத்துச் சொச்சம்தான். ஒரு பண்ணுக்குள் கட்டளை என்று சில பிரிவு உண்டு. இத்தனை சீர், இந்த இடத்தில் நெடில், இந்த இடத்தில் குறில் என்ற அளவு அது. ஒரே கட்டளையில் அமைந்த பதிகங்கள் எல்லாம் ஒரே மெட்டில் உட்காரும். முறுக்கு அச்சு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவோ கேழ்வரகு மாவோ, பிழிந்தால் அதே வடிவம்தான் வரும். அச்சு கையில் இருந்தால் பாட்டில் ஓர் எழுத்து தவறினாலும் மெட்டு இடறும், காது உடனே கண்டுபிடித்துவிடும்.

இப்போது எட்டாவது பாட்டுக்கு வருவோம்.

சம்பந்தர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவருடைய பெரும்பாலான பதிகங்களில் எட்டாவது பாட்டில் இராவணன் வந்துவிடுவான். கயிலை மலையைத் தூக்கப் பார்த்து, விரலால் அமுக்கப்பட்டு அலறினானே, அந்தக் கதை. ஒன்பதாவது பாட்டில் திருமாலும் பிரமனும் சிவனின் அடியையும் முடியையும் தேடி அலைவார்கள். பத்தாவதில், அந்தக் காலத்து வாதங்களில் எதிர் அணியாக இருந்த சமணரும் பௌத்தரும் வருவார்கள். பதினொன்றாவதில் சம்பந்தர் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, இதைப் பாடுபவருக்கு என்ன கிடைக்கும் என்று முடிப்பார். ஊருக்கு ஊர் பதிகம் மாறும், இந்த நாலு தூண் மட்டும் பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கும். ஆக, எட்டாவது என்றதும் தாத்தாவின் மூளை முதலிலிருந்து எண்ணவில்லை. ‘அந்தப் பதிகத்தில் இராவணன் எங்கே?’ என்று கேட்டது, கிடைத்தது. ஏழாவது பாட்டுக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. பாவம், அவர் நடந்துதான் போக வேண்டியிருந்தது.

இந்த வட்டாரத்தில் நினைவைப் பற்றி இன்னும் சுவையான செய்திகள் உண்டு. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவாமாத்தூர் என்று ஓர் ஊர். அப்பர் பிறந்த திருவாமூரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது வேறு. அங்குள்ள கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, தேவாரம் பாடப் பதினாறு பேரை நியமித்ததைச் சொல்கிறது. பதினாறு பேரும் பார்வையற்றவர்கள். அவர்களைக் கைப்பிடித்து அழைத்துவர இரண்டு பேர், அவர்களுக்குப் பெயர் ‘கண்காட்டுவார்’. பார்வையற்றவர்களுக்கு ஓலைச்சுவடி எதற்கு உதவும்? அவர்கள் கற்றதெல்லாம் காது வழியாகத்தான். இன்னொருவர் பாட, கேட்டு, திருப்பிப் பாடி, தவறினால் திருத்தப்பட்டு, மறுபடி பாடி வந்த பாடம் அது. வேலைக்கான தகுதி நினைவாற்றல் என்று கல்லிலேயே எழுதி வைத்ததைப் போல எனக்குப் படுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் தேவாரம் பாட நியமித்தது 48 பேரை. கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் சம்பளம். ஒரு பாட்டைப் பாட எதற்கு 48 பேர்? கம்பீரமாக இருக்கும் என்பது ஒரு காரணம். எனக்குத் தோன்றுகிற இன்னொரு காரணம் கணினிக்காரர்களுக்குப் பிடிக்கும். முக்கியமான கோப்பை அவர்கள் ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள், பல இடங்களில் நகல் எடுத்து வைப்பார்கள். ஒன்று கெட்டால் மற்றவற்றோடு ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். 48 பேர் சேர்ந்து பாடும்போது ஒருவர் வார்த்தை மாற்றினால் 47 காது அதைப் பிடித்துவிடும்.

நகல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிதம்பரத்தில் ஒரு கதை இருக்கிறது. ‘திருமுறை கண்ட புராணம்’ சொல்லும் கதை அது. தேவார ஓலைகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு அரசன் இராசராசனும், காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறக்கிறார்கள். பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது, மிஞ்சியதை அள்ளித் தொகுத்தார்கள். ஓலையில் சொல் இருந்தது, பண்ணை எப்படிப் பாடுவது என்பது இல்லை. அதற்கு ஆள் தேடிப் போன ஊர் திருஎருக்கத்தம்புலியூர். விருத்தாசலம் பக்கத்தில் இன்றைக்கு இராசேந்திரப்பட்டினம் என்று இருக்கிறதே, அதேதான். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர். அவர் மரபில் வந்த ஒரு பெண் பண்களைப் பாடிக் காட்டினாள் என்கிறது புராணம். அப்பர் காலம் ஏழாம் நூற்றாண்டு, இராசராசன் காலமோ பத்தாம் நூற்றாண்டின் கடைசி. அறைக்குள் பூட்டிய ஓலை கரையானுக்கு இரையாக, வாய்வழி வந்த மெட்டு முந்நூறு ஆண்டு தாண்டி நின்றது. அப்பர் வாயிலிருந்து வந்த அதே மெட்டைத்தான் இன்றும் கேட்கிறோம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒலிப்பதிவு இல்லாத காலம், கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கும்.

பாட்டை அப்படியே, எழுத்துப் பிசகாமல் நினைவில் வைப்பது ஒரு வகை. பண்ருட்டிச் சுற்றுப்பட்டு ஊர்களில் இன்னொரு வகையையும் பார்க்கலாம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி தொடங்கினால் விடியற்காலை வரை போகும். ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் சேர, கூத்தாடிகள் பாட்டும் பேச்சுமாக மகாபாரதத்தை நடத்துவார்கள். பாட்டுகள் மனப்பாடம்தான், ஆனால் நடுவில் வருகிற பேச்சு அன்றைக்கு அன்றைக்குப் பிறப்பது. கூட்டம் தூங்கி வழிந்தால் கட்டியக்காரன் நாலு நகைச்சுவை சேர்ப்பான், மழை வருகிற மாதிரி இருந்தால் கதை சுருங்கும். கதையின் எலும்புக்கூடு நினைவில் இருக்கிறது, சதை அப்போதைக்கு வளர்கிறது.

யூகோஸ்லாவியாவில் மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1935-இல் அவ்டோ மெஜெடோவிச் என்ற பாடகரைச் சந்தித்தார். கசாப்புக் கடைக்காரர், எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல எழுதிய ஒரே கதைப்பாட்டு 12,000 அடியைத் தாண்டியது. சொல்லுக்குச் சொல் ஒப்பித்தாரா? இல்லை. நம் கூத்துக்காரர் பேசுவதைப் போலத்தான்: குதிரை வந்தால் இப்படிப் பாடுவது, சண்டை வந்தால் அப்படிப் பாடுவது என்று ஆயத்தமாக வைத்திருந்த தொடர்களைக் கோத்துக் கோத்துப் பாடினார். ஓதுவார் இதைச் செய்யவே கூடாது. அவர் ஒரு சொல்லை மாற்றினால் 47 பேர் திரும்பிப் பார்ப்பார்கள்!

மூளைக்குள் இதெல்லாம் எங்கே இருக்கிறது? காதுக்கு உள்பக்கமாக, மூளையின் அடியில், கடற்குதிரை வடிவத்தில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு. நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதையெல்லாம் பதிந்துவைக்க அது வேண்டும். கிளைவ் வேரிங் என்ற இங்கிலாந்து இசைக்கலைஞருக்கு 1985-இல் ஒரு வைரஸ் மூளைக் காய்ச்சல் வந்து அந்தப் பகுதியைச் சிதைத்துவிட்டது. அதற்குப் பிறகு அரை நிமிடத்துக்கு முன் நடந்தது அவருக்கு நினைவில் நிற்கவில்லை. மனைவி அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால், பல காலம் கழித்துப் பார்ப்பதுபோல ஓடிவந்து வரவேற்பார். அவரைப் பியானோ முன்னால் உட்காரவைத்தால் மட்டும் விரல்கள் தாமாக ஓடின, பாட்டைத் தொடங்கினால் கடைசி வரை போனார். திரும்பத் திரும்பச் செய்து பழகிய செயல் மூளையில் வேறு இடத்தில் தங்குகிறது என்பதை அவர் கதையும் காட்டுகிறது. “ஆரம்பிச்சா வரும்” என்று ஓதுவார் தாத்தா சொன்னாரே, அது இதுதான். அவருக்கு எத்தனை பாட்டுத் தெரியும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் முதல் சொல் வாய்க்கு வந்தால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும்.

கடைசியாக, உங்கள் தேர்வுக்கு உதவுகிற மாதிரி ஒன்று. ஓதுவார் ஆகப் படிக்கும் மாணவர்கள் புத்தகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. ஆசிரியர் ஓரடி பாடுவார், மாணவர் திருப்பிப் பாட வேண்டும். மறுநாள் பார்க்காமல் பாட வேண்டும், அடுத்த வாரமும் பாட வேண்டும். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பினார்கள். ஆக, மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். தடுமாறும்போதுதான் பதிகிறது. நடுவில் ஒரு தூக்கமும் போடுங்கள், பகலில் படித்ததை மூளை இரவில்தான் இறுக்கிக் கட்டுகிறது.

எங்கள் வீட்டு வாண்டு அன்று பேருந்தில் வரும்போதே ‘ற், ள், ழ், வ்’ என்று மெய்யெழுத்தைத் தலைகீழாகச் சொல்லப் பழகிவிட்டது. இப்போது அதற்கு இரண்டு பக்கமும் ரயில் ஓடுகிறது.

அடுத்த சித்திரைச் சதயத்தில் திருவதிகைக்குப் போனால் நீங்களும் ஓர் ஓதுவாரிடம் ஏழாவது பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டால் அவசரப்படுத்தாதீர்கள். ஆறு பாட்டைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறார்.